இறைச்சித் தட்டுக் குலுக்கல் கூடுமா?

ஆஸ்திரேலியாவில் கிளப்களில் வாரக் கடைசியில் சீட்டு விற்பார்கள். சீட்டு விழுந்தவருக்குச் சாப்ஸ், சாஸேஜ் அடுக்கிய இறைச்சித் தட்டு. வசூல் பெரும்பாலும் உள்ளூர் விளையாட்டுச் சங்கத்துக்குப் போகும். "நல்ல காரியத்துக்குத்தானே, ஹலால் கறி வைத்து நாமும் நடத்தலாமே?" என்று சிலர் கேட்கலாம்.

அறியாமைக் கால அரபிகளின் மைஸிர் ஏறக்குறைய இதுதான். ஒட்டகத்தை அறுத்து, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெறும் அம்பு. அவை வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். வென்றவர்களோ கறியை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டுப் பெருமை பேசினார்கள்! மைஸிரில் மக்களுக்குப் பயன் உண்டு, பாவம் அதைவிடப் பெரிது என்கிறது திருக்குர்ஆன் (2:219). பிறகு 5:90 வசனம் முற்றாகத் தடுத்தது.

கறி ஹலாலாக இருந்தாலும், சீட்டுக்குக் காசு வாங்கிவிட்டால் அது சூதுதான். அதே தட்டை விலை வைத்து விற்று இலாபத்தை நிதியில் சேர்க்கலாம். ஏழை வீட்டுக்குச் சும்மாவே கொடுத்தனுப்பலாம்.