ஆற்றின் சூட்டை எழுது



ஒகேனக்கலுக்கு மேலே, கோடையில் காவிரி மடுமடுவாகத் தேங்கிக் கிடப்பதைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று ராத்திரி மறுபடியும் படித்தேன். பாறை மேல் கிடந்த நீர்நாய் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்து, செதிலும் முள்ளும் இருக்க வேண்டிய இடத்தில் நண்டு ஓடு மட்டுமே இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தி அபாரம். ஆற்றங்கரையைப் பற்றி இத்தனை காலம் எழுதிக் குவித்த எங்கள் கூட்டத்தில் அப்படிக் குனிந்து பார்த்தவர்கள் அபூர்வம்.

அடுத்த வரியிலேயே நிமிர்ந்துவிட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பருவநிலை மாற்றத்தால் காவிரித்தாய் கண்ணீர் வடிக்கிறாள் என்று எழுதிவிட்டு வேறு மடுவுக்குப் போய்விட்டாய். ஆற்றைத் தாயாக்கி அழவைப்பதை விட்டுவிடு. தாய் அழுகிறாள் என்றால் படிப்பவன் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவான். அந்த நீர்நாய் மீனை நம்பிப் பிழைப்பது. அது ஏன் நண்டுக்கு இறங்கியது? மீனெல்லாம் எங்கே போயிற்று? நீ கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

என் பிடிவாதம் உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். தண்ணீர் எவ்வளவு கிடந்தது என்று எல்லோரும் எழுதுகிறோம். எவ்வளவு சுட்டது என்று யாரும் எழுதுவதில்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரிக்குப் போனால் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனுக்கு மூச்சு கூடுதலாக வேண்டியிருக்கிறது. வரவு குறைகிற மாதத்தில் செலவு ஏறுவது போலத்தான். ஓட்டத் தண்ணீரில் வளர்ந்த திமில் மகசீருக்கு அந்த மடு தாங்காது. காவிரிப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் அந்த மீன் கிடையாது. 2018-இலேயே அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அது திணறும் தண்ணீரில் ஜிலேபிக் கெண்டை சமாளித்துக்கொள்ளும். வளர்க்கக் கூடாதென்று அரசு தடை போட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துவிடும். நீர்நாய் ஜிலேபியையும் விடாது. அதுவும் கிடைக்காமல் நண்டு தின்றது என்றால் மடுவே செத்துப்போயிருக்கலாம். இல்லை, அன்றைக்கு நண்டு சுலபமாக அகப்பட்டிருக்கலாம். ஒரே ஒரு எச்சத்தை வைத்து நீயும் தீர்ப்புச் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

இன்னொன்று. பழி முழுவதையும் வானத்தின் மேல் போட்டுவிட்டாய். அமராவதி காவிரியோடு சேரும் திருமுக்கூடலூரில் சின்ன வயதில் சித்திரை வெயிலில் ஆற்று மணலைக் கடந்திருக்கிறேன். வெறுங்காலை ஊன்ற முடியாது. பெரியப்பா குந்தி உட்கார்ந்து முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே பறிப்பார். முதலில் கலங்கலாகக் கசியும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தெளிந்த ஊற்று, பல் கூசும் குளிர்ச்சி. அந்தக் கசிவுதான் மடுக்களின் அடியைக் குளிர்ச்சியாக வைத்திருந்தது. உச்சிப் பொழுதில் மீன்கள் அங்கே போய் ஒண்டிக்கொள்ளும். லாரி லாரியாக மணலை அள்ளிய பிறகு ஊற்று எங்கிருந்து வரும்? வெயில் ஏறியிருப்பது உண்மைதான். அதைத் தாங்குவதற்கு ஆற்றுக்கு இருந்த மணலையும் கரையில் நின்ற நீர்மருது நிழலையும் நாம்தான் பறித்துக்கொண்டோம். இதை எழுதாமல் பருவநிலையை மட்டும் எழுதினால் மணல் அள்ளியவன் நிம்மதியாகத் தூங்குவான். சூடு மீனோடு நிற்பதுமில்லை. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட முட்டை புதைந்து கிடக்கும் மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது. உன் கட்டுரைக்கு நீ முதலையைப் படம் பிடித்ததோடு சரி.

வெள்ளமும் அப்படித்தான். 2024 கோடையில் ஒகேனக்கலுக்கு வரத்து சில நூறு கன அடியாகச் சுருங்கிக் கிடந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. மழை நாள் கணக்கில் இழுத்துப் பெய்யாமல் சேர்ந்தாற்போல் கொட்டுவது ஒரு காரணம். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பும்வரை பிடித்துவைத்து, பிறகு மதகுகளை ஒரேயடியாகத் திறப்பது இன்னொரு காரணம். புதுத் தண்ணீர் ஏறும்போதுதான் முட்டையிட எதிரேறும் ஏத்துமீன் கிளம்பும். அது மெல்ல ஏறினால்தான் சரளையில் முட்டை தங்கும்.

வரும் மாசியிலிருந்து ஆனி வரை மாதம் ஒருமுறை அதே மடுவுக்குப் போ. பாதரச வெப்பமானி வேண்டாம், பாறையில் பட்டு உடைந்தால் பாதரசம் ஆற்றில் கலந்துவிடும். சிவப்புத் திரவம் உள்ளதை நூலில் கட்டி இறக்கு. விடியலிலும் பிற்பகல் மூன்று மணிக்கும், மேல்மட்டத்திலும் அடியிலும் பார். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் அன்றைய வரத்தைப் பக்கத்தில் குறித்துக்கொள். எச்சம் கிடைத்தால் காகிதத்தில் மடித்துத் தேதி போடு. வலையில் என்ன விழுகிறது என்று பரிசல்காரர்களைக் கேள். ஒகேனக்கலுக்கு மேலே தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள காட்டில் பெரும்பகுதி 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்துவிட்டது, அதனால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதே. மனுவை இந்த வாரமே கொடுத்துவிடு. போக்குவரத்துச் செலவுக்கு நான் பணம் அனுப்புகிறேன், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்.