மக்காச்சோளக் குருத்தைப் பிரித்துப் பாருங்கள்

"நேற்று ஒன்றுமில்லை, இன்று காடே சல்லடையாகிவிட்டது" என்று மக்காச்சோள விவசாயிகள் பதறி வருகிறார்கள். நேற்றும் படைப்புழு இருந்தது. குருத்துக்குள் (விரியாத நடு இலைச் சுருள்) இருந்ததால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இந்தப் படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்காவிலும் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. குளிரைத் தாண்டும் உறக்கநிலை இதற்குக் கிடையாது. வட அமெரிக்காவில் கடுங்குளிர் இதை அழித்துவிடும். நம்மூரில் அந்தத் தடையில்லை.

சாம்பல் பழுப்பு நிறத் தாய் அந்துப்பூச்சி இரவில் பறந்து, நூறு இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் செதில்களால் மூடிவைக்கும். இரண்டு மூன்று நாளில் புழு வெளிவரும். இரண்டு மூன்று வாரம் தின்றுவிட்டு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். வெயில் காலத்தில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு மாதம்.

இளம்புழு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். அந்த இடம் வெள்ளைக் காகிதம்போல் தெரியும். மருந்துக்கு ஏற்ற நேரம் அதுதான். அடுத்து விரியும் இலைகளில் வரிசையாக ஓட்டைகள், குருத்தில் மரத்தூள்போல் எச்சம். புழுவின் தலையில் கவிழ்ந்த கவட்டை போன்ற வெள்ளைக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். வரப்பில் தட்டைப்பயறு, எள் விதையுங்கள். முளைத்ததும் இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் மணத்தால் ஆணை இழுப்பது) வையுங்கள். முட்டைக் குவியலைக் கையால் நசுக்குவது இன்றும் நல்ல வைத்தியம். நூற்றில் பத்துச் செடிக்குமேல் சுரண்டல் தெரிந்தால், 1500 பிபிஎம் அசாடிராக்டின் (வேம்பு மருந்து) லிட்டருக்கு 5 மில்லி கலந்து அடிக்கலாம். புழு வளர்ந்திருந்தால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, லிட்டருக்கு 0.4 கிராம். மாலையில், குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். இலைமேல் அடித்தால் பயனில்லை.

மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலப்பது, சோப்புத்தூள் கரைத்து ஊற்றுவது, பயிரையே அழித்து உழுவது, மூன்றும் வேண்டாம். இளம்பயிர் இலை சேதத்திலிருந்து பெரும்பாலும் மீண்டுவிடும். கதிர் பிடித்தபின் மருந்தடிப்பது காசுக்குத்தான் கேடு. மருந்தடித்த தட்டையை, லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை மாட்டுக்குப் போடாதீர்கள். ஐயம் இருந்தால் புழுவோடு ஒரு குருத்தை எடுத்துப்போய், முதலில் வேளாண் உதவி அலுவலரிடம் காட்டுங்கள். மருந்துக் கடைக்கு அப்புறம் போகலாம்.