ஒலிப்பதிவு நிலையத்தில் நேரமும் விலையும்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிற் புகுவோர் எப்பொருளையும் கண்ணாற் கண்டே கொள்வர். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பர். கத்தரிக்காயை நிறுத்து வாங்குவர். பூவை முழமிட்டு அளப்பர். ஒலிப்பதிவு நிலையத்தில் விலைப்படுவதோ கண்ணுக்குப் புலனாகாத காலம். சிறுதொகை திரட்டிப் பாடல் பதிவு செய்யப் புறப்படும் மாணவர் இசைக்குழுவினர் அக்காலத்தின் விலையை அறிந்து செல்லுதல் நன்று.

மணிக்கு இவ்வளவு என்று நாம் கொடுப்பது யாதன்பொருட்டு? புறவோசை புகாத அறை, ஒலிவாங்கிகள், அவற்றை இயக்கும் பொறியாளரின் திறம் ஆகியவற்றிற்காம். கடிகாரமோ, பாட்டுத் தொடங்கும்போதன்று, நாம் உள்ளே புகும்போதே ஓடத் தொடங்கிவிடும்.

ஓர் உதாரணம் காண்போம். வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்க. 4 நிமிடப் பாடலொன்றிற்கு ஒலிவாங்கிகளை அமைக்க 1 மணி, வாத்தியங்களைப் பதிய 2 மணி, குரலைப் பதிய 2 மணி, எல்லாவற்றையும் இசைவுறக் கலக்க 3 மணி ஆகுமாயின், மொத்தம் 8,000 ரூபாய். வாத்தியக்காரர் ஊதியம் வேறு. சுருதி எதுவென்று அங்கே சென்று வாதிட்டு 2 மணி கழிப்போமாயின், 2,000 ரூபாய் வீணே போம்.

முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். 1902ஆம் ஆண்டிற் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பார் கல்கத்தாவிற்கு வந்து இந்திய இசையை இசைத்தட்டிற் பதிவு செய்தார். அக்காலத்துப் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். மெழுகில் நேர்ந்த பிழையைத் திருத்த வழியில்லை. மறுபடி முதலிலிருந்தே பாடவேண்டும். ஆதலின், விரிந்த ஆலாபனையைச் சுருக்கிப் பாட வித்துவான்கள் பயின்றனர். இந்நாளில் கணிப்பொறியிற் பிழையை வெட்டி ஒட்டலாம். எனினும் அத்திருத்தத்திற்கும் மணிக்கணக்கில் விலையுண்டு.

இனிச் செய்யத்தக்கன யாவை? சொல்லும் சுருதியும் காலப்பிரமாணமும் முன்னரே முடிவாதல் வேண்டும். கைப்பேசியிற் பதிந்து கேட்டுப் பிழைகளைக் களைதல் வேண்டும். குளிரூட்டிய அறையிற் கருவிகளின் சுருதி மாறுமாதலால், சற்று முன்னரே சென்று அவற்றைப் பழகவிடுதல் நன்று. பல பாடல்களாயின், ஒரே அமைப்பில் எல்லாவற்றின் வாத்தியங்களையும் அடுத்தடுத்துப் பதிதல் சிக்கனம். பொறியாளர் ஊதியமும் கலவையும் வாடகையில் அடங்குமோ என்று முன்னதாகவே கேட்டறிக. வாடகை குறைவென்று மயங்கற்க. திறமற்றவரிடத்து 10 மணி செலவிடுதலினும் திறமுடையாரிடத்து 5 மணி செலவிடுதல் இலாபமாதலும் உண்டு.

மார்க்கெட்டிற்குச் செல்லும் இல்லாள் இன்று சமைப்பது யாதென வீட்டிலேயே முடிவு செய்து செல்கின்றாள். அதனாலேயே அவள் பை நிறைகின்றது, பணமும் எஞ்சுகின்றது. இசைப்போர்க்கும் அவ்வழியே உரியது. ஒத்திகைக்கு உரிய இடம் நம் விடுதி முற்றம். ஆங்கே காலத்திற்கு வாடகையில்லை.