கனடா சிறை வாசலில் ஸ்கேனர் தவறாகக் காட்டினால்

கனடாவில் மத்திய அரசுச் சிறையில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறீர்களா? உங்கள் பர்ஸையோ கார்டையோ சிறு துணியால் துடைத்து 'அயன் ஸ்கேனர்' கருவியில் வைப்பார்கள். கண்ணுக்கே தெரியாத துகளையும் அது பிடித்துவிடும். பலர் கைமாறிய டாலர் நோட்டிலிருந்துகூட ஒட்டியிருக்கலாம். சில மருந்துகளையும் போதைப்பொருள் என்று தவறாகக் காட்டும். அதனால் கருவி காட்டிவிட்டது என்பதற்காக நீங்க போதைப்பொருள் வைச்சிருக்கீங்கன்னு அர்த்தமில்லை.

சத்தம் போடாதீங்க, பயந்து திரும்பியும் வந்துடாதீங்க. எதைத் துடைத்தார்கள், எந்தப் போதைப்பொருளின் பெயர் வந்தது, மணி என்ன என்று கேட்டு அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மறுசோதனை கேளுங்கள். சாப்பிடும் மாத்திரை, மருந்துக்கடை வேலை போன்றவற்றை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கருவியை மட்டும் நம்பாமல் சூழ்நிலையையும் அதிகாரி எடைபோட வேண்டும் என்பதே அங்குள்ள நடைமுறை. நேரில் உட்கார்ந்து பேச விடாவிட்டால், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தாவது பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவு தூரம் போனது வீணாகாது.

அதையும் மறுத்தால்? 1992-ஆம் ஆண்டு சிறை விதிமுறைகளின் 91-ஆவது பிரிவு உங்களுக்குத் துணை. காரணத்தை உங்களுக்கும் கைதிக்கும் உடனே தெரிவித்து, இருவர் விளக்கத்துக்கும் வாய்ப்பு தர வேண்டும். வாய்ப்பேச்சோடு விடாமல், மருந்துச் சீட்டின் நகலுடன் சிறைத் தலைமை அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். கைதியின் சார்பில் 'கரெக்‌ஷனல் இன்வெஸ்டிகேட்டர்' என்னும் குறைகேட்பு அதிகாரிக்கும் நீங்களே எழுதலாம்.