சுழலும் டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்

கே: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை சிபியூவின் முன்பக்கம் சொருகினால் 'டிக் டிக்' என்கிறது. பின்பக்கம் சொருகினால் ஒழுங்காக ஓடுகிறது. டிஸ்க் போய்விட்டதா? (கணக்காளர், கரூர்)

ப: பெரும்பாலும் இல்லை. பட்டினி கிடக்கிறது. உங்களுடைய சின்ன டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. கேபிள் வழியே வரும் 5 வோல்ட்டில்தான் மோட்டார் சுழல வேண்டும். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. மோட்டார் கிளம்பும் முதல் ஓரிரு நொடியில்தான் டிஸ்க் அதிகம் இழுக்கும். முன்பக்கப் போர்ட்டுக்குக் கேபினெட்டுக்குள் நீளமான, மலிவான வயர் போயிருக்கும். பின்பக்கமே இருக்கட்டும். அங்கேயும் டிக் டிக் என்றால் அது வேறு கதை. திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காமல் அன்றே டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

கே: பெரிய டிஸ்க்கின் அடாப்டர் தொலைந்துவிட்டது. லேப்டாப் அடாப்டரின் பின் கச்சிதமாகப் பொருந்துகிறது. போடலாமா? (வாசகர், அம்பத்தூர்)

ப: 12 வோல்ட் கேட்கும் இடத்தில் 19 வோல்ட் போகும். போடாதீர்கள்.

கே: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஒரே டிஸ்க்கை டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். 'டிவைஸ் இன் யூஸ்' என்று சொல்லி எஜெக்ட் ஆக மறுக்கும்போது உருவிவிடுவேன். இப்போதைய விண்டோஸில் அப்படி உருவலாம் என்கிறான் நண்பன். (வீடியோகிராஃபர், பொள்ளாச்சி)

ப: நண்பர் பாதிதான் படித்திருக்கிறார். 2018 அக்டோபர் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10, வெளி டிஸ்க்குகளுக்கு 'குயிக் ரிமூவல்' முறையைத் தானாகவே வைத்துவிடுகிறது. எழுத வேண்டியதை மெமரியில் தேக்கி வைக்காமல் அப்போதைக்கப்போது எழுதிவிடும் என்பதுதான் அதன் பொருள். எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவலாம் என்று யாரும் சொல்லவில்லை. எடிட்டிங் சாஃப்ட்வேர் திறந்திருக்கும்வரை, நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது ஏதாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். அதை மூடுங்கள், டிஸ்க்கின் ஃபோல்டர் திறந்திருக்கும் ஜன்னலையும் மூடுங்கள், ஆன்டிவைரஸ் அதைத் துழாவிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அப்போதும் விடவில்லையா? ஷட் டவுன் செய்து, விளக்கு அணைந்த பிறகு கழற்றுங்கள். மூடியை மடக்கி லேப்டாப்பைத் தூங்கவைப்பது ஷட் டவுன் ஆகாது.

மேக்கிலும் ஓட வேண்டும் என்று டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்திருப்பீர்கள். என்டிஎஃப்எஸ்ஸில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துக்கொள்ளும் ஜர்னல் உண்டு. பாதியில் அறுந்தாலும் ஃபைல் பட்டியலையாவது சீர்செய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அதுகூடக் கிடையாது.

இதெல்லாம் சாஃப்ட்வேர் சமாச்சாரம். எனக்குக் கோபம் வருவது அடுத்த கட்டத்தில். எஜெக்ட் கொடுத்துக் கேபிளையும் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று டிஸ்க்கை உடனே தூக்கிப் பைக்குள் போடுகிறார்களே, அங்கே. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. அதை ஒட்டி, நானோமீட்டர் கணக்கில் இடைவெளி விட்டு, ஹெட் மிதக்கிறது. கரண்ட் திடீரென்று அறுந்தால், சுழலும் தட்டின் வேகத்திலேயே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி ஹெட்டை ஓரத்து மேடைக்கு இழுத்துக்கொள்ளும். அது ஆபத்துக்கு வைத்த ஏற்பாடு. தினமும் மூன்று வேளை சோதித்துப் பார்க்க அல்ல. கேபிளைக் கழற்றியதும் டிஸ்க்கை மேஜையிலேயே விடுங்கள். விரல் நுனியால் தொட்டால் அதிர்வு தெரியும். அது அடங்கும்வரை, பத்துப் பதினைந்து நொடி, பொறுங்கள். ஓடுகிற டிஸ்க்கை லேப்டாப்பில் தொங்கவிட்டபடியே மணமகள் அறைக்கும் மேடைக்கும் நடக்கிறவர்களை மண்டபத்திலேயே பார்த்திருக்கிறேன். தட்டு கீறிவிட்டால் என்ன செய்வீர்கள்? முகூர்த்தத்தை இன்னொரு முறை நடத்தச் சொல்வீர்களா? இரண்டு டிஸ்க்கில் காப்பி ஏறாமல் கேமரா கார்டை அழிக்கவும் கூடாது. நண்பரிடமும் சொல்லுங்கள்.

கே: புது லேப்டாப்புக்கு மாறினேன். டைப்-சி கேபிளில் டிஸ்க் ஆமை வேகத்தில் காப்பி செய்கிறது. (ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: போன் சார்ஜர் கேபிள்தானே? அதில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வேகம்தான், 480 மெகாபிட்டைத் தாண்டாது. டிஸ்க்கோடு வந்த கேபிளைத் தேடி எடுங்கள்.

கே: டிஸ்க்கை வேறு போர்ட்டில் போட்டதும் 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று கேட்கிறது. பேரனின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. பயமாக இருக்கிறது. (இல்லத்தரசி, நாகர்கோவில்)

ப: பயப்படாதீர்கள் அம்மா. கேன்சலை அழுத்துங்கள். இதுபோன்ற சமயங்களில் பெரும்பாலும் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் கலைந்திருக்கும். கேபிளை மாற்றி, பழைய போர்ட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். திறந்தால் முதல் வேலையாகப் படங்களை வேறிடத்துக்குக் காப்பி செய்யுங்கள். திறக்கவில்லையென்றால் எடுத்து வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் வந்து 'செக் டிஸ்க்' ஓட்டுகிறேன் என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். படங்களைப் பத்திரமாக வெளியே எடுத்த பிறகுதான் ரிப்பேர் எல்லாம்.

கே: டிஸ்க்கைச் சொருகினால் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது. மவுஸை மாற்றவா? (வாசகர், மதுரை)

ப: வேண்டாம். யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல், மவுஸ் பேசுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. 2012-லேயே இன்டெல் இதை எழுதி வைத்திருக்கிறது. மவுஸின் ரிசீவரை டிஸ்க்குக்கு எதிர்ப்பக்கப் போர்ட்டில் போடுங்கள்.