புரட்டாசிக்குள் மாடியைப் பாருங்கள்

பனி கொட்டும் நாடுகளில், வீட்டுச் சூட்டில் உருகிய கூரைப்பனி ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைந்து வரப்புக் கட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் கூரைக்குள் புகுந்து சொட்டும். திருப்பத்தூரில் பனிக்கட்டி ஏது? அந்த வேலையை இங்கே தூம்பில் அடைத்த வேப்பஞ்சருகு செய்கிறது. ஷூவில் தண்ணீர் தோல் வழியாக வராது, தையல் வழியாகத்தான் வரும் என்பது ஆம்பூர்க்காரர்களுக்குத் தெரியும். மாடியும் அப்படித்தான். பரப்பை விட இணைப்புகளைக் கவனியுங்கள்.

1. முதல் வேலை தூம்பு வாய். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் பக்கத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. தூம்பு அடைத்த 1,000 சதுர அடி மாடியில் அந்த மழை அப்படியே நின்றால் சுமார் 46,000 லிட்டர், அதாவது 46 டன் எடை. கைப்பிடிச்சுவர் அதைத் தொட்டி போலத் தேக்கி வைக்கும். சருகைக் கூட்டி, தூம்பு வாயில் கம்பி வலை வையுங்கள். வலையையும் மழைக்கு மழை துடைக்க வேண்டும்.

2. சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நம்பாதீர்கள். தண்ணீர் கம்பியோடும் விரிசலோடும் நகர்ந்து வேறெங்கோ இறங்கும். கான்கிரீட் மாடியாக இருந்தால் மணலால் வரப்புக் கட்டி, பகுதி பகுதியாக இரண்டு அங்குலத் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள். எந்தப் பகுதியில் நிறுத்தும்போது கீழே ஈரம் கசிகிறதோ, கோளாறு அங்கே.

3. வெயில் காலத்திலும் ஈரம் தெரிந்தால் மழையைத் திட்டாதீர்கள். தொட்டி, குழாய் இணைப்பு, மேல்மாடிக் குளியலறை என்று தேடுங்கள்.

4. தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலைதான் பல வீடுகளில் குற்றவாளி. பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மூலையில் தண்ணீர் நிற்காதபடி கலவையைச் சாய்வாகப் பூசச் சொல்லுங்கள். சுவரின் தலையும் உள்பக்கம் வாட்டமாக இருக்கட்டும். தட்டோடு பதித்த மாடியில் இடுக்குக் கலவை உதிர்ந்திருந்தால் அதையும் இப்போதே அடைத்துவிடலாம்.

5. விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டுப் போகும் ஆளை நம்ப வேண்டாம். நம்மூர் கோடை 40 டிகிரியைத் தாண்டும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில் அது ஒரு கோடை தாங்குவதே கடினம். விரிசலை உளியால் சற்று அகலப்படுத்தி, தூசியைத் துலக்கி, நெகிழ்வுத்தன்மை உள்ள கிராக் ஃபில்லரை உலர்ந்த நாளில், காலையிலேயே அடைக்க வேண்டும்.

6. இது நம் பகுதிக்கே உரிய விஷயம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. உப்பேறிய போர்த் தண்ணீரில் கலவை குழைத்தாலோ, அதையே ஊற்றி ஊற வைத்தாலோ உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு ஊதி கான்கிரீட்டைப் பிளக்கும். கூரையின் அடிப்பக்கம் பொரிந்து கம்பி எட்டிப் பார்க்கிறதென்றால் வெறும் பூச்சு வேலை பயன்படாது; பொறியாளரைக் கூப்பிடுங்கள். சின்ன வேலையானாலும் குடிக்கிற தண்ணீரையோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ கொடுங்கள். கொத்தனார் சிரித்தால் சிரிக்கட்டும்.

7. மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய மச்சு வீடுகளுக்குச் சுண்ணாம்புக் கலவைதான் பொருத்தம். மேலே சிமெண்ட் போட்டால் இரண்டும் ஒட்டாமல் பிரியும். மேலே சொன்ன தண்ணீர் சோதனையையும் இந்த வீடுகளில் செய்யக் கூடாது, பாரம் தாங்காது. சுவருக்குள் போகும் கட்டை முனையைத் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் கேட்டால் உள்ளே உளுத்திருக்கலாம்.

8. ஷீட் வீடா? ஒழுக்கு பெரும்பாலும் போல்ட்டின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்ததால்தான். வாஷரை மாற்றினால் தீர்ந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதன் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடையும். உலர்ந்த நிலையில் சுரண்டவோ துளையிடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

9. மார்கழி விடியலில், மழையே இல்லாமல் தகர ஷீட் சொட்டுகிறதா? ஒழுக்கு அல்ல. சமையல் ஆவியும் மூச்சுக் காற்றின் ஈரமும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகின்றன. கூரைக்குக் கீழே காற்றுப் போக வழி விட்டால் குறையும். ஏலகிரி மலை வீடுகளில் இது இன்னும் அதிகம்.

10. மழை நடுவே ஒழுகினால் ஒட்டு வேலை எதுவும் நிற்காது. தார்ப்பாயைக் கைப்பிடிச்சுவருக்கு வெளியே தொங்கும்படி விரித்துக் கட்டுங்கள், நடுவில் குழி விழக் கூடாது. மின்விசிறி, விளக்கு வழியாகச் சொட்டினால் மெயினை அணைத்துவிட்டு மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள். சுவர் ஊறிப் புதிதாக விரிசல் விட்டாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ அந்த வீட்டில் இரவு படுக்காதீர்கள். 2021 நவம்பர் 19 அன்று, கனமழையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077.