கொரோனா மட்டும் கவிழ்க்கவில்லை

நம்பிக்கை: கொரோனாவால்தான் இலங்கை 2022இல் திவாலானது.

உண்மை: அதே தொற்று தெற்காசியா முழுக்க வந்தது. வங்கதேசமும் நேபாளமும் வாங்கிய கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டுதான் இருந்தன. சுற்றுலாவில் தொற்று போட்ட அடி பெரியது, மறுப்பதற்கில்லை: 2018இல் சுமார் 440 கோடி டாலர் வந்த இடத்தில் 2020இல் 70 கோடிகூட வரவில்லை. ஆனால் 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆக வெட்டி, கஜானாவைக் காலி செய்தது அரசு. 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து வயல்களை வாடவிட்டதும் அதே அரசுதான். எல்லாப் பழியையும் நோயின் தலையில் கட்டினால், இந்த முடிவுகளை எடுத்தவர்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் தப்பிவிடுவார்கள்.

நம்பிக்கை: வெளிநாட்டில் வேலை போனதால் ஊருக்குப் பணம் வருவது நின்றது.

உண்மை: 2020இல் தெற்காசியாவுக்கு வரும் பணம் 22 விழுக்காடு குறையும் என்று உலக வங்கியே கணித்தது. நடந்ததோ நேர்மாறு; சுமார் 5 விழுக்காடு கூடியது. விமானங்கள் நின்றதால் கையில் பணம் கொண்டுவர ஆளில்லை, வங்கிக்கு வெளியே பணம் மாற்றித்தரும் உண்டியல்காரர்களும் முடங்கினார்கள். பணம் வங்கி வழியே வந்து கணக்கில் ஏறியது. இலங்கைக்கு அந்த ஆண்டு வந்தது சுமார் 710 கோடி டாலர்.

சரிவு பிறகுதான் வந்தது. 2021இல் 550 கோடி, 2022இல் 380 கோடி. உலகமே வேலைக்குத் திரும்பிய காலம் அது! டாலரின் விலையை மத்திய வங்கி 2022 மார்ச் வரை 200 ரூபாய் அளவிலேயே பிடித்துவைத்திருந்தது. உண்டியலில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. குவைத்தில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் அங்கே ஒருவரிடம் தினாரைக் கொடுத்தால் போதும். ஒரு போன் போகும். மட்டக்களப்பில் அவள் அம்மாவின் கையில் ரூபாய் வந்துவிடும். டாலர் மட்டும் நாட்டுக்குள் வராது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் வழியை அவள் தேடியதில் என்ன தவறு?

நம்பிக்கை: சுற்றுலாவை மட்டும் நம்பிய நாடு எழவே முடியாது.

உண்மை: 2020இல் மாலத்தீவின் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற அமைப்பு அங்கே கைகொடுத்தது. அந்த ஜூலையிலேயே எல்லையைத் திறந்தார்கள். 2021இல் சுமார் 13 லட்சம் பயணிகள் வந்தார்கள். ஆனால் அங்கே கூலிவேலை பார்த்த வங்கதேசத் தொழிலாளர்கள் பலர், அதற்குள் சம்பளம் இல்லாமல் ஊர் திரும்பியிருந்தார்கள். வளர்ச்சிக் கணக்கில் அவர்கள் இழந்த கூலி இல்லை.